தேசவழமையும் உலக நெறியும்

2014 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து ஒரு மாலைப்பொழுது. பண்டித வகுப்பு முடிந்து மாணாக்கர் விடைபெற்றுச் சென்றபின், யான் விறாந்தையில் இருந்து பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெண் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். யான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த தொடக்க ஆண்டுகளில் என்னிடம் நன்னூல் கேட்டவள். வன்னியில் மணஞ்செய்து, 2009 இன் பேரழிவிலே கணவனைத் தொலைத்து, இரண்டு பிள்ளைகளோடு தாயின் ஊருக்கு மீண்டவள். கையில் ஒரு பழைய காணி உறுதி இருந்தது.

“ஐயா, இது அம்மா எனக்குச் சீதனமாய் எழுதின மூன்று பரப்பு. கடனை அடைக்கிறதுக்கு விக்கப் போனன். அவற்றை கையெழுத்து வேணுமெண்டு நொத்தாரிசு சொல்லுறார்” என்றாள்.

“காணி உம்முடையதுதானே பிள்ளை?” என்றேன்.

“காணி என்ரைதான். ஆனால் கையெழுத்து அவற்றையாம். அவர் எங்கையெண்டு தெரிஞ்சால் நான் ஏன் ஐயா காணியை விக்கிறன்?”

இறப்புச் சான்றிதழ் ஒன்று பெற்றுவிட்டாற் காரியம் எளிதாகும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். காணாமற்போனோர்க்கு அவ்வாறு சான்றிதழ் வழங்குவதற்கு 2010 ஆம் ஆண்டில் ஒரு தற்காலிகச் சட்டமும் இயற்றப்பட்டிருந்தது. கணவன் இறந்தான் என்று தன் வாயாற் சொல்லி ஒப்பமிட அவள் உடன்படவில்லை. மாவட்ட நீதிமன்றை அடைந்து, கணவன் இருக்குமிடம் தெரியவில்லை என்று விண்ணப்பித்து, அவன் இசைவின்றியே விற்க அநுமதி பெறும் வழியொன்றும் உண்டு. அதற்குப் பொருளும் வேண்டும், காலமும் வேண்டும். அவளிடம் இரண்டும் இல்லை.

“இது எந்தச் சட்டம் ஐயா?” என்று கேட்டாள். “தேசவழமை” என்றேன். அச்சொல்லை அன்று சொன்னபோது என் நா சிறிது கூசியது. ஏனெனின், அதற்குச் சில மாதங்களின் முன்னரே ஒரு தமிழ்ச்சங்க மேடையில், தேசவழமை நம் முன்னோர் கண்ட செப்பமான அறநூல் என்று ஒரு மணிநேரம் புகழ்ந்து பேசி மாலையும் பெற்றிருந்தேன்.

அந்நாள்தொட்டு என் மனத்திற் கிடந்த ஆராய்ச்சியை ஈண்டு வாசகர்முன் வைக்கிறேன். யான் சட்டம் பயின்றவன் அல்லேன். சொல்லையும் வழக்கையும் ஆராய்வதே என் தொழில். அத்தொழிலின் வழியே நின்று சொல்லக்கூடியதை மாத்திரம் சொல்வேன்.

தேசவழமை என்பது நாட்டுவழக்கு எனப் பொருள்படும். அதிலுள்ள பொருட்பெயர்களை நோக்கினால் தமிழ் மாணாக்கர்க்கு உவகை பிறக்கும். பெற்றோரும் மூதாதையரும் விட்டுச்சென்ற பொருள் முதுசொம். சொம் என்பது சொத்து. முதுமை அதன் தொன்மை. கணவனும் மனைவியும் இல்லறத்திற் கூடியிருந்து ஈட்டியது தேடியதேட்டம். பெற்றோரல்லாத சுற்றத்தார்வழி வந்தது உரிமை. பெண்ணுக்கு மணத்தின்போது கொடுக்கப்பட்டது சீதனம். ஸ்திரீதனம் என்னும் வடசொல்லின் திரிபாகிய இச்சொல்லுக்குப் பெண்ணின் பொருள் என்பதே பொருள். இன்று மாப்பிள்ளை வீட்டார் எண்ணி வாங்கும் தொகையைச் சீதனம் என்கின்றோம். வழமையோ அதனைப் பெண்ணுக்கே உரிய தனிப்பொருளாக வைத்தது. பழங்காலத்தில் தந்தைவழி முதுசொம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் இறங்கின. இவ்வாறு, தாய் மகளுக்கு, மகள் தன் மகளுக்கு என நிலம் பெண்வழியே சென்ற ஊர்கள் நம்முடையவை.

இவ்வழமை எழுத்துருப் பெற்ற வரலாறு நம் மாணாக்கர் பலர் அறியாதது. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்தம் ஆள்பதி கொர்னேலிஸ் யொவான் சைமன்ஸ் என்பவர், குடிகளின் வழக்குகளைத் தீர்ப்பதற்கு அவர்தம் வழமையை எழுதித் தருக எனப் பணித்தார். யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ், நெடுங்காலம் இம்மக்களிடையே வாழ்ந்து பெற்ற அறிவைக்கொண்டு அதனை ஒல்லாந்த மொழியில் எழுதினார். அது யான் பிரூஸ் என்பவராற் தமிழாக்கப்பட்டது. அறிவும் அநுபவமும் உள்ள பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு, இது எம் வழமையே என ஒப்பினர். 1707 ஆம் ஆண்டில் அது சட்டமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பின்னர் வந்த ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதனை நிலைநிறுத்தினர்.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகளை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

முதலாவது, அந்நூலின் தொடக்கத்திலேயே, முன்னிருந்த வழக்கம் அரசு மாறியபோதெல்லாம், சிறப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில், மாற்றமுற்றது என்று சொல்லப்பட்டிருக்கிறது. வழமை மாறாதது என்று வழமைநூலே கூறவில்லை.

இரண்டாவது, ஒப்புதல் தந்த பன்னிருவரும் ஆடவர். பன்னிருவரும் செல்வாக்குடைய உயர்குடியினர். அவ்வவையிற் பெண்ணொருத்தி இருந்திலள். அந்நூல் அடிமைகள் என்று பெயர்குறித்துப் பேசும் சாதியாருள் ஒருவரும் இருந்திலர். யாருடைய வாழ்வை அந்நூல் கட்டிற்றோ, அவருட் பெரும்பாலார் வாய்திறக்கவில்லை.

மூன்றாவது, அடிமைகளைப்பற்றிய பகுதி இன்று எங்கே? 1844 ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதனோடு தேசவழமையின் அப்பகுதியும் உயிரிழந்தது. அதனால் தேசவழமை அழிந்துபோயிற்று என்று யாரேனும் அழுதனரா? இல்லை. அழுகிய கிளையை வெட்டியபின்னும் மரம் நின்றது.

இனி, என் மாணவியைத் தடுத்த விதிக்கு வருவோம். கணவனுக்குக் கீழ்ப்பட்டவளாகிய மனைவி அவன் இசைவின்றிப் பொருளை வழங்கல் ஆகாது என்னும் கருத்து 1707 ஆம் ஆண்டு நூலிலேயே உண்டு. இதனை அந்நியர் புகுத்தியது என்று சொல்லித் தப்பிக்கொள்ள யான் விரும்பவில்லை. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் அக்கருத்துக்குத் திட்டமான உருவங் கொடுத்தது. மணமான பெண் தன் தனிப்பொருளில் அசையும் பொருளைத் தன்விருப்பப்படி கொடுக்கலாம். அசையாப் பொருளாகிய காணியை வீட்டை, உயிரோடிருக்கும்போது கைமாற்ற வேண்டுமாயின், கணவனின் எழுத்துமூலமான இசைவு வேண்டும். இறந்தபின் செல்லுமாறு மரணசாதனம் எழுதுவதற்கோ இசைவு வேண்டியதில்லை. தன் நிலத்தைத் தன்னிச்சைப்படி வழங்கப் பெண்ணொருத்தி இறக்கவேண்டும் என்பது இதன் கருத்தாகிறது. தன் தனிக்காணியை விற்கும் கணவன் மனைவியிடம் இசைவு கேட்கவேண்டியதில்லை.

இதுபோன்ற தடை முன்பு இலங்கையின் பிறபகுதிப் பெண்களுக்கும் 1876 ஆம் ஆண்டின் பொதுச்சட்டத்தால் இருந்தது. 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் அவர்களை அதினின்றும் விடுவித்தது. தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழர் அச்சட்டத்தின் எல்லைக்குப் புறத்தே விடப்பட்டனர். வழமையைப் பேணியதாக நாம் மகிழ்ந்திருந்தோம். கொழும்பில் ஒரு பெண் 1923 இற் பெற்றதை யாழ்ப்பாணத்துப் பெண் அதற்குப்பின் தொண்ணூறு ஆண்டு கழிந்தும் பெற்றிலள் என்பதை அம்மகிழ்ச்சி மறைத்துவிட்டது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 12 ஆம் உறுப்புரையிற் சமத்துவத்தை வழங்கியது. ஆயின் 16 ஆம் உறுப்புரையோ, முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரண்படினும் செல்லுபடியாகும் என்று கதவை அடைத்தது.

உலகம் இவ்விடயத்தில் என்ன சொல்லுகிறது? 2007 ஆம் ஆண்டு செப்தெம்பர் 13 ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தொல்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியது. 144 நாடுகள் ஆதரித்தன; 4 நாடுகள் எதிர்த்தன; 11 நாடுகள் ஒதுங்கின. ஆதரித்தவற்றுள் இலங்கையும் ஒன்று. எதிர்த்த கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகிய நான்கும் பின்னர் மனம்மாறி அதனை ஏற்றன.

யாழ்ப்பாணத் தமிழர் அப்பிரகடனம் கருதும் தொல்குடியினரா என்று வாசகர் வினாவலாம். பிரகடனம் தொல்குடி என்னும் சொல்லுக்கு இலக்கணம் வகுக்கவில்லை. இலங்கையில் அப்பெயர் வழக்கிற் சுட்டுவது வேடர்குலத்தையே. 1983 ஆம் ஆண்டில் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைந்தபோது தம் வேட்டைக்காட்டை இழந்தவர்கள் அவர்கள். அவர்தம் இனத்தாருள் கிழக்குக் கரையோரத்தில் வாகரைப் பக்கம் வாழ்வோர் தமிழே பேசுகின்றனர் என்பது நாம் நினைவிற் கொள்ளவேண்டியது. அவர்க்குரிய பெயரை நமக்கென வாங்கிக்கொள்ள யான் முயலவில்லை. ஆயினும், ஒரு நிலத்து மக்கள் தம் வழமைச்சட்டத்தை எவ்வாறு காத்தல் வேண்டும், எவ்வாறு திருத்தல் வேண்டும் என்பதற்கு உலகம் செய்துவைத்த சிறந்த அளவுகோல் அப்பிரகடனம். பிறர் அளவுகோலால் நம் துணியை அளப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

அப்பிரகடனத்தின் 34 ஆம் உறுப்புரை, அம்மக்கள் தம் வழமைகளையும் நீதிமுறைகளையும் பேணவும் வளர்க்கவும் உரிமையுடையர் என்கிறது. அது அவ்வளவில் நிற்கவில்லை. சர்வதேச மனித உரிமை நியமங்களுக்கு இயைய அவை அமைதல் வேண்டும் என்று உடன் கூறுகிறது. 44 ஆம் உறுப்புரை இன்னும் தெளிவு. பிரகடனத்திற் சொல்லப்பட்ட உரிமைகள் யாவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்ப உரியன. இலங்கை 1981 இல் ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையும், ஆதனத்தை உடைமையாகக் கொள்ளவும் நிருவகிக்கவும் கைமாற்றவும் கணவன் மனைவி இருவர்க்கும் ஒத்த உரிமை வேண்டும் என்கிறது.

பிரகடனத்தின் 19 ஆம் உறுப்புரையிலே ஒரு சொல் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. அம்மக்களைப் பாதிக்கும் சட்டங்களைச் செய்யுமுன், அவர்களுடைய சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த இசைவை அரசு பெற முயலவேண்டும் என்கிறது அது. இசைவு! அரசு நம் நிலத்தைத் தொடும்போது நாம் கேட்கும் சொல் அதுவே. எம்மைக் கேளாது எம் காணியை எடுத்தீர், எம்மைக் கேளாது எம் ஊரிற் படைமுகாம் அமைத்தீர் என்று நாம் முறையிடும்போதெல்லாம் நம் வாயில் நிற்பது அச்சொல். அதே சொல்லை நம் வீட்டுச்சட்டத்திற் தேடினேன். அங்கும் இருக்கிறது: மனைவி கணவனிடம் பெறவேண்டிய இசைவாக. அரசின்முன் நாம் கேட்பதை நம் வீட்டில் நம் மகளிர்க்கு மறுத்துவிட்டு, உலகத்தின்முன் எந்த முகத்தோடு நிற்பது?

இங்கே இருதிறத்தார் என்னை மறுப்பர் என்பதை அறிவேன்.

ஒருதிறத்தார், தேசவழமையிற் கைவைத்தல் ஆகாது, போர் எல்லாவற்றையும் கொண்டுசென்றபின் எஞ்சியது இதுவொன்றே, இதனை இளக்கினால் நிலம் கைமாறிச் சிதறும் என்பர். அவ்வச்சத்தை யான் இகழேன். மட்டக்களப்பின் முக்குவர் வழமை இன்று நூலில் மாத்திரம் வாழ்வதை அறிவோம். ஆயினும், நிலம் அயலார் கையிற் செல்லாமற் காப்பது கணவனின் கையொப்பம் அன்று. அதற்கென வழமையிலேயே வேறு விதி உண்டு. பங்குடையாரும் உரித்தாளிகளும் முதலில் வாங்கும் உரிமையுடையர் என்னும் முன்வாங்கும் உரிமை அது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டத்தில் அது விளக்கமாக வகுக்கப்பட்டது. விற்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் அவ்விதி ஒன்றே. நிலத்தைக் காக்கும் விதியை வைத்துக்கொண்டு, பெண்ணைக் கட்டும் விதியைக் களைதல் இயலும்.

மறுதிறத்தார், இத்தகைய பழஞ்சட்டங்களை முழுதும் ஒழித்து நாடு முழுதுக்கும் ஒரே சட்டம் செய்க என்பர். அவர்க்குச் சொல்வேன்: முதுசொம், தேடியதேட்டம் என்ற பிரிவுகளில் ஒரு நீதி இருக்கிறது. வீட்டிலிருந்து உழைத்த மனைவிக்கும் தேடியதேட்டத்திற் பங்குண்டு என்று இவ்வழமை கண்டது. நோய்ப்பட்ட உறுப்புக்கு மருந்திடுவதே முறை; உடலைக் கொளுத்துவது முறையன்று.

கனடாவிலே நடந்த ஒரு வழக்கு இவ்விருதிறத்தார்க்கும் விடையாகும். மலிசீத் குடியிற் பிறந்த சாந்திரா லவ்லேஸ் என்னும் பெண், தன் குடியல்லாத ஒருவரை 1970 இல் மணந்தார். அந்நாட்டு இந்தியர் சட்டத்தின்படி, அம்மணத்தாலேயே அவர் தம் குடியுரிமையையும் தம் ஊரில் வாழும் உரிமையையும் இழந்தார். அக்குடியில் ஆணொருவன் வெளியிற் பெண்கொண்டால் அவனுக்கு இழப்பில்லை. அவர் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். தன் மக்களோடு தன் பண்பாட்டில் வாழும் உரிமை அவர்க்கு மறுக்கப்பட்டது என்று 1981 இல் அக்குழு கண்டது. 1985 இற் கனடா சட்டத்தைத் திருத்தியது. அப்பெண் தம் குடியின் மரபை எதிர்த்தார் அல்லர். அம்மரபுக்குள் தமக்கும் இடம் வேண்டும் என்றே கேட்டார். நம் 1911 ஆம் ஆண்டுச் சட்டத்திலும், தேசவழமைக்குட்பட்ட பெண் அதற்குட்படாத ஆடவனை மணந்தால், அம்மணம் நிலைக்கும்வரை அவள் தேசவழமைக்குப் புறம்பாவாள் என்ற விதி எழுதப்பட்டிருப்பதை ஈண்டு ஒப்புநோக்குக.

அதே கனடாவில் பிரித்தானியக் கொலம்பியா மாகாணம், 2019 ஆம் ஆண்டில், தன் சட்டங்களைப் பிரகடனத்தோடு இயைபுபடுத்துவதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. தொல்குடி மக்களோடு கலந்தே அதனைச் செய்யவேண்டும் என்றும் அதில் விதித்தது. ஒரு மாகாணம் தன் சட்டத்தை உலக நெறியோடு ஒத்துநோக்குதல் நடவாத காரியம் அன்று என்பதற்கு இது சான்று.

நம்மிடையேயும் கணவன் இசைவு பற்றிய விதியைத் திருத்தும் பேச்சு அண்மை ஆண்டுகளில் அரசாங்க மட்டத்தில் எழுந்திருக்கிறது. அதனை யான் வரவேற்கிறேன். ஆயினும் கொழும்பில் ஒரு வரியை அழித்துவிட்டால் நம் கடன் தீர்ந்தது என்று எண்ணலாகாது. 1707 இல் ஒரு திசாவை எழுதினார், பன்னிருவர் தலையசைத்தனர். இம்முறையும் யாரோ எழுத, யாரோ சிலர் தலையசைத்தல் போதாது. வழமைக்கு உடையவர் மக்கள். மக்களிற் பாதியார் மகளிர். பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் தீவகத்திலும் ஊர்தோறும் கூடிப் பேசுக. கணவனை இழந்தவளும், கணவனைத் தேடுபவளும், அந்நூலின் அடிமைப் பகுதி யாரைப்பற்றி எழுதப்பட்டதோ அவர்தம் பேரப்பிள்ளைகளும் அக்கூட்டங்களில் முன்வரிசையில் இருந்து பேசுக. சட்டம் அறிந்தோர் கேட்டு எழுதுக. ஆசிரியராகிய நாம், நம் மாணாக்கர்க்குத் தேசவழமையின் வரலாற்றைப் புகழுரையாக மாத்திரம் சொல்லாது, அதன் குறையும் தோன்றச் சொல்லிக்கொடுப்போமாக.

இலக்கணம் கற்றார்க்கு இதில் வியப்பில்லை. நம் இலக்கண ஆசிரியர்கள் இயலின் முடிவில் ஒரு புறனடைச் சூத்திரம் வைத்தனர். தாம் சொல்லாததும் பின் தோன்றுவதும் நெறியோடு பொருந்துமாயின் கொள்க என்று அதனால் இடம்விட்டனர். மொழிக்கு இலக்கணஞ் செய்தவர் தம் நூலுக்கே அவ்வாறு இடம்விட்டிருக்க, திசாவை எழுதிய நூலுக்கு நாம் புறனடை மறுப்பது என்ன நியாயம்?

என் மாணவி பின்னர் மாவட்ட நீதிமன்றை அடைந்து, பல தவணைகளின்பின் அநுமதி பெற்றாள். காணியை வாங்க இருந்தவர் அதுவரை காத்திருந்திலர். பிறகு வந்தவர் குறைந்த விலைக்கே கேட்டார். அவள் விற்றாள். வட்டி போக எஞ்சியது சிறிது. கணவன் இறந்தான் என்று அவள் இன்றுவரை ஓரிடத்தும் எழுதிக்கொடுக்கவில்லை.

அவள் கதையை யான் ஓரிரவு என் மனைவியாரிடம் சொன்னேன். எங்கள் மகனின் மேற்படிப்புக்காக அவர் தம் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்றபோது யான் இசைவுக் கையொப்பம் இட்டிருந்தேன். வாசித்துப் பாராமலே, தாராளமாக இட்டேன் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அவர் அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, “நீங்கள் உங்கடை முதுசக் காணியை விக்கேக்கை என்னட்டை ஒரு கையெழுத்தும் கேக்கேல்லையே” என்றார்.

யான் விடை சொல்லவில்லை. மேடையிற் பேசிய ஒரு மணிநேரத்துள் அவ்வினாவுக்கு விடையாக ஒரு சொல்லேனும் இருந்ததா என்று நினைந்து பார்த்தேன். இருக்கவில்லை. அப்பேச்சுக்கு ஈடாகவே இக்கட்டுரையை எழுதினேன்.